சோழவந்தானுக்கு ஒரு லா யூனியன் வேண்டும்

ஸ்பெயினின் தென்கிழக்கில், மூர்சியா வட்டாரத்தில், லா யூனியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுமார் இருபதாயிரம் பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் ஈயமும் வெள்ளியும் தோண்டிய சுரங்க ஊர். பக்கத்து அந்தலூசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலிகள் பகலெல்லாம் மண்ணுக்கடியில் கிடந்தார்கள்; மாலையில் மதுக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டுகள் 'தராந்தா', 'மினேரா' என்ற பெயர்களில் ஃபிளமெங்கோ மரபின் தனிக் கிளையாக வளர்ந்தன. பிறகு சுரங்கங்கள் நொடித்தன. பாட்டும் மங்கியது.

1961-இல், புகழின் உச்சியில் இருந்த பாடகர் ஹுவானீட்டோ வல்தெர்ராமா அந்த ஊருக்குக் கச்சேரிக்கு வந்தார். ஊரின் சொந்தச் சுரங்கப் பாட்டை எடுத்தார். கூட்டத்துக்கு அது ரசிக்கவில்லை. வானொலியில் கேட்டுப் பழகிய மெல்லிசைப் பாட்டுகளைப் பாடச் சொன்னது. உங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்க உங்களுக்கே பொறுமை இல்லையா என்று அவர் மனம் நொந்துபோனார். ஊர்த் தலைவர் எஸ்தெபான் பெர்னாலுக்கு அது உறைத்தது. அதே ஆண்டில் சுரங்கப் பாட்டுக்கென்று ஒரு போட்டி விழாவைத் தொடங்கிவிட்டார்.

அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அந்த விழா நடக்கிறது. ஊரின் பழைய சந்தைக் கட்டடம்தான் அரங்கம். முதல் பரிசின் பெயர் 'சுரங்கத் தொழிலாளியின் விளக்கு'. 1987-இல் மைத்தே மார்த்தின், 1993-இல் மிகெல் பொவேதா என்று அந்த விளக்கை வாங்கிப்போனவர்கள் ஸ்பெயின் முழுக்கப் பெயர் பெற்ற பாடகர்களானார்கள். தலைநகரமும் பல்கலைக்கழகமும் யோசித்துத் தொடங்கிய திட்டம் அல்ல இது. ஒரு சிற்றூரின் நிர்வாகம் தன் ஊர்ப் பாட்டை மறந்ததற்காக வெட்கப்பட்டுத் தொடங்கியது.

மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் இருக்கும் சோழவந்தானும் கிட்டத்தட்ட அதே அளவுள்ள பேரூராட்சிதான். அங்கே கொடிக்காலில் விளையும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில் பிறந்து தமிழகத்தையே தன் குரலால் கட்டிப்போட்ட டி.ஆர்.மகாலிங்கமும், அவர் வளர்ந்த நாடக மேடையும், அந்த மேடையை இன்றும் விடாமல் வைத்திருக்கும் கலைஞர்களும் எந்தக் குறியீட்டிலும் இல்லை. லா யூனியன் செய்ததைச் சோழவந்தான் செய்ய வேண்டும். அதற்கான நேரம் குறைந்துகொண்டே போகிறது.

ஸ்பானிய இசை என்றதும் பலருக்குக் கிடாரும், புள்ளிப் பாவாடையும், குதிகால் தட்டி ஆடும் நடனமும்தான் நினைவுக்கு வரும். அது சுற்றுலாச் சுவரொட்டி பதியவைத்த படம். அந்த நாட்டில் அரகோனுக்கு 'ஹோட்டா' உண்டு. கட்டலோனியாவில் கைகோத்து வட்டமாக ஆடும் 'சர்தானா' உண்டு. மழை கொட்டும் கலீசியாவில் தோற்பை ஊதுகுழல் உண்டு. பாஸ்க் மக்களிடம் இருவர் சேர்ந்து மரப்பலகையைத் தட்டி இசைக்கும் 'சலபார்த்தா' உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மண்ணுக்கு உரியது. தெற்கே அந்தலூசியாவின் ஏழைத் தெருக்களில் பிறந்த ஃபிளமெங்கோ, அவற்றில் ஒன்றே ஒன்று. மரியாதை கடைசியாகக் கிடைத்ததும் அதற்குத்தான்.

அதன் வேரைத் தேடினால் பல காலடித் தடங்கள் தெரியும். 822-இல் பாக்தாதிலிருந்து கோர்தோபா அரசவைக்கு வந்த ஸிர்யாப் என்ற இசைக்கலைஞர் அங்கே இசைப்பள்ளி தொடங்கினார், ஊத் கருவியில் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார் என்று மரபு சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னரின் அவையில் மரியன்னைமேல் நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் தொகுக்கப்பட்டன. அந்தச் சுவடிகளின் ஓவியங்களில் முஸ்லிம் கலைஞரும் கிறிஸ்தவக் கலைஞரும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். 1425-இல் ஜிப்சிகள் என்று பிறர் அழைத்த ரோமா மக்கள் ஸ்பெயினுக்குள் வந்ததற்கு முதல் எழுத்துச் சான்று கிடைக்கிறது. 1499-இல் அவர்கள் நாடோடி வாழ்வைக் கைவிட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று அரசாணை. 1749-இல் அரச உத்தரவின்பேரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் வளைத்துப் பிடிக்கப்பட்டு, ஆண்கள் கப்பல் தளங்களுக்கும் பெண்கள் காவல் கூடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சம்மட்டி அடிக்கும் தாளத்தில், கிடார்கூட இல்லாமல் கொல்லர்கள் பாடும் 'மார்த்தினேத்தே' வகைப் பாட்டுகளைக் கேட்கும்போது இந்த வரலாறு காதில் விழாமல் இருக்காது.

ரோமா மக்களின் மொழி வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியது என்பதை மொழியியலாளர்கள் நிறுவிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு, ஃபிளமெங்கோவே இந்திய இசைதான் என்று நம்மவர்கள் சிலர் பெருமை பேசுவது சரியல்ல. பல நூற்றாண்டுகள் பாரசீகம், பைசாந்தியம், பால்கன் நாடுகள் வழியே நடந்து வந்தவர்கள், அந்தலூசியாவின் உள்ளூர் ஏழைகளோடு கலந்து, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் உருவாக்கிய புது இசை அது. அதன் பெருமை அந்தலூசியாவுக்கே உரியது. தமிழர்கள் அதனிடம் உறவு கொண்டாட வேண்டியதில்லை. பாடம் கற்றுக்கொண்டால் போதும்.

அந்தப் பாடத்தின் நடுப்புள்ளி 1922. அந்த ஆண்டு ஜூன் 13, 14 தேதிகளில், கிரானடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை முற்றத்தில், 'கான்டே ஹோண்டோ' என்னும் ஆழ்ந்த பாட்டுக்கு ஒரு போட்டி நடந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்பெயினின் பெரும் இசையமைப்பாளர் மனுவெல் த ஃபல்லா. கூட நின்றவர் இருபத்து நான்கு வயதுக் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா. கிடார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவும் உடன் இருந்தார். படித்தவர்கள் குடிகாரப் பாட்டு என்று ஒதுக்கிய ஒன்றை, நாட்டின் மிகப் பெரிய கலைஞர்கள் கோட்டைக்குள் கூட்டிவந்து விளக்கேற்றிக் கேட்டார்கள். பரிசு பெற்றவர்களில் ஒருவர் எல் தெனாசாஸ் என்ற எழுபது வயதை ஒட்டிய முதியவர். பல காத தூரம் நடந்தே வந்தார் என்று சொல்வார்கள். இன்னொருவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். பின்னாளில் மனோலோ கரகோல் என்று ஸ்பெயின் கொண்டாடிய பாடகர் அவர்தான்.

அதே 1922-இல், நவம்பர் 13 அன்று, புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் காலமானார். தமிழ் நாடக மேடைக்கு வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் எழுதிக் கொடுத்தவர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தாலும் அவருடைய கடைசிக் காலப் பெரும் பணிக்களம் மதுரை. அங்கேதான் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் குழுவைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். இரண்டு நாடுகளிலும் பாமர மக்களின் இசை ஒரே ஆண்டில் திருப்புமுனையில் நின்றது. அங்கே ஒரு இயக்கம் பிறந்தது. இங்கே ஆசிரியர் போனார். பாட்டை மேடை மட்டுமே காப்பாற்றிக்கொண்டு வந்தது.

கிரானடா போட்டி குறையற்றது அல்ல. தொழில்முறைப் பாடகர்கள் அதில் போட்டியிடக் கூடாது என்று விதி வைத்தார்கள். காசுக்குப் பாடினால் கலை கெட்டுவிடும், கிராமத்து எளியவனிடம்தான் தூய்மை இருக்கும் என்ற நம்பிக்கை. ஃபிளமெங்கோவை அதுவரை உயிரோடு வைத்திருந்தவர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாட்டு விடுதிகளில் இரவு முழுக்கப் பாடிக் கூலி வாங்கிய தொழில்முறைக் கலைஞர்கள்தான். பாடிப் பிழைப்பவரை விலக்கிவிட்டுப் பாட்டைக் காக்க முடியாது. சோழவந்தானில் விழா எடுப்பவர்கள் இந்த ஒரு தவற்றை மட்டும் செய்துவிடக் கூடாது.

போட்டியைவிட முக்கியம் அதற்கு முன்னும் பின்னும் நடந்த சேகரிப்பு. 1881-லேயே அந்தோனியோ மச்சாதோ இ ஆல்வரெஸ் என்ற நாட்டாரியல் அறிஞர், கவிஞர் மச்சாதோவின் தந்தை, ஃபிளமெங்கோ பாட்டு வரிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1954-இல் பழம் பாணிகளின் இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. 1958-இல் ஹெரேஸ் நகரில் ஃபிளமெங்கோ ஆய்வுக்கென்றே ஒரு கழகம் அமைந்தது. 1971 முதல் 1973 வரை ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சி ஏறத்தாழ நூறு வாரங்களுக்கு ஒரு தொடர் எடுத்தது. பாடகர்களை அரங்கத்துக்கு அழைக்காமல், அவர்கள் வீட்டு முற்றத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் கேமராவைக் கொண்டுபோனார்கள். அதில் ஹெரேஸ் கிழவி ஆனிகா லா பிரிஞாகா வருகிறார். கணவர் இருந்தவரை வெளியே பாட வழியில்லாதவர். விதவையான பிறகே மேடை ஏறியவர். அந்தக் கேமரா போயிருக்காவிட்டால் அவருடைய முகமும் குரலும் இவ்வளவு துலக்கமாக இன்று கிடைத்திருக்காது.

2007-இல் திருத்தப்பட்ட அந்தலூசியாவின் தன்னாட்சிச் சட்டம், ஃபிளமெங்கோவைக் காப்பதும் வளர்ப்பதும் மாநிலத்தின் பொறுப்பு என்று எழுதியே வைத்துவிட்டது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோர்தோபா இசைக்கல்லூரியில் ஃபிளமெங்கோ கிடாரைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். இவையெல்லாம் மேலிருந்து வந்தவை. கீழே, ஊருக்கு ஊர், 'பெஞா' என்னும் ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன: ஒரு கூடம், சில நாற்காலிகள், மாதச் சந்தா, வார இறுதியில் பாட்டு. கிரானடாவில் 1949-இல் தொடங்கிய மன்றம் இன்றும் நடக்கிறது. அரசு கைவிட்ட ஆண்டுகளிலும் இந்த மன்றங்கள் விளக்கை அணையவிடவில்லை.

ஃபிளமெங்கோவைவிடத் தமிழ் நாடக மேடைக்கு நெருங்கிய உறவு என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது 'ஸர்ஸுவேலா'. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் ஸ்பானிய இசை நாடகம். பதினேழாம் நூற்றாண்டில் மாத்ரித் பக்கத்து அரண்மனை ஒன்றில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருச் சனங்களின் கொண்டாட்டமானது. தையற்காரியும் மருந்துக் கடைக்காரரும் அச்சகத் தொழிலாளியும் கதாபாத்திரங்களாக வரும் ஒரு மணி நேர நாடகங்கள் 1890-களில் மாத்ரித் அரங்குகளை நிறைத்தன. 1894-இல் மேடையேறிய தோமாஸ் பிரெத்தோனின் 'லா வெர்பெனா தே லா பலோமா' இன்றும் மேடை காண்கிறது. சினிமா வந்ததும் ஸர்ஸுவேலாவுக்கும் அடி விழுந்தது. ஆனால் 1856-இல் மாத்ரிதில் அதற்கென்றே கட்டிய அரங்கம் இன்று அரசின் பொறுப்பில் ஆண்டுதோறும் பருவம் நடத்துகிறது. இசைக்குழுவுக்குச் சம்பளம், பழைய பிரதிகளுக்குச் செப்பமிட்ட பதிப்பு, இளைய பாடகர்களுக்கு மேடை.

மதுரையில் இதற்கு இணையானது சுண்ணாம்புக்காரத் தெரு. தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் அங்கேதான். ஸ்பெஷல் நாடகம் என்று மக்கள் சொல்லும் இரவு நாடகத்தின் நரம்பு மையம் அது. முறை வியப்பானது. ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூனும் நடனக்காரியும் வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே பேசி முடிக்கப்படுகிறார்கள். ஒத்திகை இல்லை. இயக்குநர் இல்லை. இரவு பத்து மணிக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். விடியும்வரை வள்ளி திருமணத்தை நடத்தி முடிக்கிறார்கள். எல்லாருக்கும் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடம் என்பதால் இது முடிகிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் மோதும்போது அன்றைய செய்திகூட உள்ளே நுழையும். மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், பலவகைத் தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்ட். பாடுபவர் எந்த நொடியில் எந்த ராகத்துக்குத் தாவினாலும் ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும். கிடாரைத் தழுவி, பாடகரின் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கும் ஃபிளமெங்கோ கிடார் கலைஞரின் வேலையும் இதுதான்.

ஆர்மோனியத்துக்கு இந்த நாட்டில் நேர்ந்ததை மறக்க முடியாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்தக் கருவியைத் தடை செய்து வைத்திருந்தது. சாஸ்திரிய இசையின் நுண்சுரங்களுக்கு அது ஒவ்வாது என்பது காரணம். தமிழ் நாடக மேடையின் ஜீவநாடியே அந்தப் பெட்டிதான். அந்த இசை வானொலிச் சேமிப்பில் முழு உருவத்தோடு இடம்பெற வேண்டிய முப்பது ஆண்டுகள் அப்படிப் போயின. அதற்குள் எத்தனையோ குரல்கள் ஓய்ந்துவிட்டன.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே பிறந்தது நாடக மேடையின் பாட்டுப் பாணி. பின்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பாட்டிக்கும் கேட்க வேண்டும். ஆகவே உச்சக் கட்டையில் பாட வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா அந்த உயரத்தின் சிகரம். 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்துபோனார். அந்தக் குரலின் தொடர்ச்சியாகத் தமிழர்கள் கண்டுகொண்டது தென்கரைச் சிறுவனை. குழந்தைப் பருவத்திலேயே பாய்ஸ் கம்பெனி மேடை ஏறிய மகாலிங்கம், 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் திரைக்கு வந்தார். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக அவர் பாடியபோது, கிராமத்து நாடகக் கொட்டகையின் வள்ளி திருமணம் அப்படியே திரைக்குக் குடிபெயர்ந்தது. சொந்தப் படங்கள் எடுத்து நொடித்தார். 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யால் மீண்டார். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரர் வேடம். மதுரைப் பாணனாக, வடக்கிலிருந்து சவால் விட்டு வந்த பாகவதருக்கு எதிரே நின்று இறைவனிடம் முறையிடும் அந்தக் காட்சியில், வைகைக் கரைக்காரர் ஒருவரே பாடியது பொருத்தமோ பொருத்தம். 1978-இல் மறைந்தார்.

மகாலிங்கத்தின் சினிமாப் பாட்டுகள் யூடியூபில் கிடைக்கின்றன. அவர் கற்றுக்கொண்ட மேடை எங்கே கிடைக்கிறது? ஒரு வள்ளி திருமணம் இரவு முழுக்க எப்படி வளர்கிறது, எந்தப் பாட்டு எந்த ராகத்தில் எந்த மெட்டில் நின்றது, மதுரை பாணிக்கும் புதுக்கோட்டை பாணிக்கும் என்ன வேறுபாடு? கைபேசியில் எடுத்துப் போட்ட துண்டுகள் நிறைய உண்டு. பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து ஒழுங்காக வைத்த தொகுப்பு பொதுமக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. மதுரை மேடைக் கலைஞர்களைப் பற்றிய மிக விரிவான ஆய்வு நூலை எழுதியவர் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 2005-இல் ஆங்கிலத்தில், அமெரிக்காவில் வெளிவந்தது. அவர் உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த நூலைத் தமிழர்கள் எழுதாததற்கு வருத்தப்படவும் வேண்டும்.

நாடகம் மட்டுமல்ல. மதுரையிலிருந்து சோழவந்தான் போகும் வழியில் இருக்கிறது பரவை. அந்த ஊரின் முனியம்மா பல காலம் கோயில் மேடைகளில் கிராமியப் பாட்டுப் பாடியவர். தமிழகம் முழுக்க அவரைத் தெரிந்துகொள்ள 2003-இல் 'தூள்' படம் வர வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் நோயோடு போராடி, 2020 மார்ச்சில் மறைந்தார். சினிமாவில் அவர் பாடியது எல்லோருக்கும் தெரியும். சினிமாவுக்கு முன் அவர் மேடையில் பாடிய நூற்றுக்கணக்கான பாட்டுகளில் எத்தனை மிச்சம்? ஸ்பெயினில் உத்ரேராவில் பிறந்தவர் ஃபெர்னாந்தா தே உத்ரேரா. மைரேனாவில் பிறந்தவர் அந்தோனியோ மைரேனா. பரவையில் பிறந்தவர் பரவை முனியம்மா. ஊர்ப் பெயரைச் சுமந்து பாடும் மரபு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உத்ரேராவில் ஃபெர்னாந்தாவுக்குச் சிலை இருக்கிறது.

திருவிழாக்களில் இந்த நெருக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். செவில் நகரில் புனித வாரத்தில் சிலுவை சுமந்த ஏசுவின் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்போது, மாடியிலிருந்து யாரோ ஒருவர் பக்கவாத்தியமே இல்லாமல் 'சயேத்தா' பாடத் தொடங்குவார்; சிலையைத் தூக்கிவருபவர்கள் நின்றுவிடுவார்கள்; பாட்டு முடிந்த பிறகே நகர்வார்கள். சித்திரைப் பௌர்ணமிக்குச் சோழவந்தானில் ஜெனகை நாராயணப் பெருமாள் வைகையில் இறங்கும்போதும், மதுரையில் கள்ளழகர் இறங்கும்போதும், வர்ணிப்புப் பாடுகிறவர்கள் கூட்டத்துக்கு நடுவே குரல் எடுப்பார்கள். அழகர் மலையிலிருந்து புறப்பட்ட கதையை மண்டபம் மண்டபமாகச் சொல்லிக்கொண்டு போகும் நீண்ட பாட்டு அது. தொ.பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் இந்த வர்ணிப்பு இலக்கியத்தை மதித்து எழுதினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் அதை வெளியிட்டது. சயேத்தாவைக் கேட்க உலகம் செவிலுக்குப் பறக்கிறது. வர்ணிப்பு பாடுகிறவரின் குரலைக் கூம்பு ஒலிபெருக்கியின் சினிமாப் பாட்டு மூடிவிடுகிறது.

வயல் பாட்டு இன்னும் வேகமாகப் போகிறது. பெரியாறு–வைகைப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்கள் இவை. குனிந்து நாற்று நடும் பெண்கள் வரிசை இருந்தவரை நடவுப் பாட்டு இருந்தது. நடவு இயந்திரம் வந்தது நல்லதுதான்; முதுகு உடையும் வேலையை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. லா யூனியனிலும் சுரங்கத்தைத் திரும்பத் திறக்கச் சொல்லி யாரும் விழா எடுக்கவில்லை. வேலை போனாலும், அந்த வேலையில் வெந்தவர்கள் உண்டாக்கிய இசை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாகச் சேர வேண்டும் என்றுதான் எடுத்தார்கள்.

ஸ்பெயின் இசை இந்தப் பக்கத்துக்கு முன்பே வந்து கலந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று உலகம் வாசிக்கும் கிடாரின் உடலமைப்பை வகுத்தவர் அல்மேரியாவின் அந்தோனியோ தே தோர்ரெஸ். அதற்கு இலக்கணம் தந்தவர் தார்ரேகா. கச்சேரி மேடையில் ஏற்றியவர் செகோவியா. அந்த வழியில் வந்த கிளாசிக்கல் கிடாரை லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்காகப் பயின்று தங்கப் பதக்கம் பெற்றவர் பண்ணைப்புரத்து இளையராஜா. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் சந்திரசேகர் மீட்டிய கிடாரை மதுரை டீக்கடைகள் தேயத் தேயக் கேட்டன. ஃபிளமெங்கோ கிடார் கலைஞர் பாக்கோ தே லூசியாவோடு 1980-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிடார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், அதற்கு முன் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தவர். பேர்போன கடங்களின் ஊரான மானாமதுரை, இதே வைகைக் கரையில், சோழவந்தானுக்குக் கீழே இருக்கிறது. உலக மேடைக்குப் போகிற தகுதி இந்த ஆற்றங்கரைக்கு உண்டா என்று யாரும் ஐயப்படத் தேவையில்லை.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரட்டினார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. கலைமாமணி விருது இருக்கிறது. ஆனால் விருதும் ஓய்வூதியமும் கலைஞருக்கு உதவும். கலையைக் காப்பாற்ற அவை போதாது. விருது வாங்கியவரின் பாட்டு அவரோடு போய்விட்டால் அந்தப் பட்டயத்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிகிறது. சோழவந்தான் பேரூராட்சியும் ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவை நடத்துபவர்களும் சேர்ந்து ஆண்டுக்கு மூன்று இரவுகளை மகாலிங்கம் பெயரில் ஒதுக்கட்டும். ஓர் இரவு முழு வள்ளி திருமணம், வெட்டாமல், விடியும்வரை. ஓர் இரவு வர்ணிப்பு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. ஓர் இரவு நையாண்டி மேளம். போட்டியும் இருக்கட்டும், கூலிக்குப் பாடும் கலைஞர்களுக்கே முதலிடம் இருக்கட்டும், ஆர்மோனியத்துக்கும் பபூனுக்கும் தனிப் பரிசு இருக்கட்டும். ராஜபார்ட்டுக்கு மட்டும் மாலை போடும் பழக்கம் இங்கே உதவாது.

சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்குமான 2000-ஆம் ஆண்டு விதி. பண்பாட்டு விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாள்வரை நள்ளிரவு மட்டும் சலுகை தரலாம். பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கலைவடிவம் இந்த விதிக்குள் அடங்காது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குவியும் வழக்குகளோடு நாடகத்தையும் சேர்த்து எண்ணுவது அநீதி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பிறந்த நாடகத்துக்கு மூடிய அரங்கமே போதும். லா யூனியன் தன் பழைய சந்தையை அரங்கமாக்கியது. சோழவந்தானிலும் ஒரு கூடம் கிடைக்காமல் போகாது.

அரசு செய்ய வேண்டியது வேறு. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தென்மாவட்ட மேடை இசைக்கென்று ஓர் ஒலிக்காட்சிக் காப்பகம் வைக்கலாம். மதுரை, திருச்சி வானொலி நிலையங்களின் பழைய நாடாக்கள், தனியார் சேகரித்து வைத்திருக்கும் இசைத்தட்டுகள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், ஊர் ஊராக ஒட்டப்பட்ட நாடக நோட்டீஸ்கள் எல்லாம் அங்கே வந்து சேர வேண்டும். அரசு இசைக் கல்லூரியில் நாடக ஆர்மோனியத்தைப் பாடமாக்கலாம். நாற்பது ஆண்டுகள் மேடை கண்ட ஆர்மோனியக்காரர் பட்டம் இல்லாததால் ஆசிரியராக முடியாது என்ற விதியைத் தளர்த்தினால் போதும். இதற்குக் கோர்தோபாவை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தமிழ்நாடே அதைச் செய்திருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே தொடங்கக்கூடியது பதிவு. அதற்குக் கட்டடம் வேண்டாம், ஆணை வேண்டாம். மதுரையில் நடிகர் சங்கத்திடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் திண்டுக்கல்லிலும் மூத்த கலைஞர்கள் இருக்கிறார்கள். பட்டியலை எடுத்து, வயது வரிசையில் அடுக்கி, எண்பதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்களை ஸ்டுடியோவுக்கு அலைக்கழிக்காமல், ஸ்பானியத் தொலைக்காட்சி போனதுபோல் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே போக வேண்டும். ஒரு நல்ல ஒலிவாங்கி, ஒரு கேமரா, பாட்டும் ராகமும் தெரிந்த ஒருவர், ஒரு நாள் கூலியாக நாடகத்துக்குத் தரும் சம்பளத்தையே கலைஞருக்குத் தரும் நேர்மை. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இந்த நாடகப் பருவம் முடிவதற்குள் முதல் தொகுதியை முடித்துவிடலாம்.